வெள்ளிக்கிழமை போட வேண்டிய கவர்

எனக்குப் படிப்பு மூணாம் வகுப்போடு சரி. நத்தம் பக்கம் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து, திண்டுக்கல்லில் குடோன் போட்டு விற்றவன். கவர்மெண்டுக்கு எழுதிக் கொடுக்கிற தாள் என்றாலே எனக்கு ஆகாது.

காரணம் உண்டு. தொண்ணூற்று மூன்றில் என்னைப் பெற்றவள் செத்தாள். நானே வலியப் போய், ரேஷன் கார்டில் அவள் பேரை எடுத்துவிடுங்கள் என்றேன். செத்த பிறகு எத்தனை தடவை சீனி வாங்கினாய் என்று அந்த ஆபீசர் கேட்டான். ஒரு தடவை என்று உள்ளதைச் சொன்னேன். மன்னிப்புக் கடிதம் எழுத வைத்து, கார்டைப் பிடுங்கிக்கொண்டு எட்டு மாதம் அலையவிட்டான். பக்கத்து வீட்டில் செத்துப் பத்து வருசம் ஆனவன் பேரில் இன்னும் மண்ணெண்ணெய் வந்துகொண்டிருந்தது. அங்கே ஒருத்தனும் கேட்கவில்லை.

என் மகள் ஏஞ்சலின் அமெரிக்காவில் படித்தாள். இரண்டாயிரத்து மூன்று கிறிஸ்துமசுக்கு லீவில் வந்தாள். விசா முடிந்திருந்தது. சென்னையில் புது விசா வாங்கினால்தான் திரும்ப முடியும். ஜனவரி ஐந்து, திங்கட்கிழமை பதினொரு மணிக்கு இன்டர்வியூ.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள், தெருமுனையில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிற அப்பாஸ் கடையில் மெயில் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா, நான் அங்க வரிக்கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். அந்த நாட்டுக்காரங்க போடுற பாரத்துல போட்டிருக்கேன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வேற பாரமாம். எனக்கில்லாத சலுகையெல்லாம் வாங்கிருக்கேன்."

"யாரு கண்டுபிடிச்சா?"

"யாரும் இல்ல. கூடப் படிக்கிறவ எழுதிருக்கா. அவ அண்ணன்கிட்ட விசா ஆபீசர் வரியப் பத்திக் கேட்டாராம்."

"யாரும் கண்டுபிடிக்கலேல்ல? பேசாம இரு."

"திருத்திப் போட்டுரலாம்ப்பா. அதுக்குன்னே ஒரு பாரம் இருக்கு."

"தப்புப் பண்ணிட்டேன்னு எழுதிக் குடுக்க ஒரு பாரம். நல்லா இருக்கு பாப்பா உங்க ஊரு."

அவள் கேட்கவில்லை. இரண்டு நாள் அப்பாஸ் கடையிலேயே உட்கார்ந்து திருத்தி எழுதி, கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து ஒட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் பாங்கில் சர்டிபிகேட் வாங்கப் போக வேண்டியிருந்ததால் கவரை என்னிடம் கொடுத்தாள்.

"ரிஜிஸ்தர்ல போடுங்கப்பா. ரசீதைப் பத்திரமா வைங்க."

தபாலாபீஸ் வாசல் வரை போனேன். கவரில் அவள் பேருக்குப் பின்னால் அந்தோணிமுத்து என்று இங்கிலீசில் இருந்தது. என் புளி மூட்டைகளில் அச்சுக் குத்துகிற பேர், எனக்கு வாசிக்கத் தெரியும். அங்கே அப்பன் பேர்தான் குடும்பப் பேராம். அத்தனை பெரிய கவர்மெண்டுக்கு என் பேரைப் போட்டு, என் மகள் குற்றத்தை ஒத்துக்கொண்டு எழுதிய தாள் என் கையில் இருந்தது. கொடுத்தால் அவளைப் பிடித்து வைத்துக்கொள்வான், படிப்பு போகும் என்று தோன்றியது. திரும்பி நடந்தேன். குடோனில் புளி பரப்பிய பாய்க்கு அடியில் கவரைச் செருகினேன். போட்டாச்சு, ரசீது குடோனில் பத்திரமாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் என் மனைவி ஆரோக்கியம்மாளும் ரயில் ஏறினார்கள். திங்கட்கிழமை ஒன்பதரைக்குச் சென்னை பூத்திலிருந்து போன் வந்தது.

"இன்னும் ஒன்றரை மணி நேரந்தாம்ப்பா இருக்கு. அவங்க கேட்டா உள்ளதச் சொல்லிருவேன். கவர் வெள்ளிக்கிழமையே போயிருச்சில்ல?"

"ம்."

அவ்வளவுதான் சொன்னேன். வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆபீசர் முன்னால் அவள் பொய் சொல்லப் போகிறாள். பொய் என்று அவளுக்கே தெரியாது. திரும்பக் கூப்பிட நம்பர் கிடையாது.

குடோனுக்கு ஓடினேன். கவரின் ஓரத்தில் புளிக்கறை ஏறியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டே தபாலாபீஸ் போனேன். கவுண்டரில் ஏழு பேர் நின்றார்கள். ரசீது கைக்கு வந்தபோது பத்து ஐம்பது. அதில் ஐந்தாம் தேதி முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது.

பன்னிரண்டரைக்கு மறுபடி போன்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்கப்பா. தப்புப் போட்டேன், திருத்தி வெள்ளிக்கிழமை அனுப்பிட்டேன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு. ரசீதை இன்னைக்கே பேக்ஸ்ல அனுப்பணுமாம். பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிட்டாங்க. நம்பர் சொல்றேன், குறிச்சுக்கங்க."

நம்பரைக் குறித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பேக்ஸ் மெசினும் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு ரசீதோடு போனேன்.

அப்பாஸ் ரசீதை வாங்கிப் பார்த்தான்.

"மாமா, இதுல இன்னைக்கித் தேதில்ல இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். அவன் கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

"செத்த நேரம் குடுங்க. அஞ்சு மேல வெள்ளை மையத் தொட்டு, ரெண்டாக்கி, அதை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிருவோம். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டாரு."

பாட்டிலைத் திறந்தும் விட்டான். நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. செய்யச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் எவனையும் நம்பாத புத்தி எனக்கு. கவரும் அமெரிக்கா போய்ச் சேரும். அதன் மேலும் இதே முத்திரை. வரி ஆபீஸ்காரனும் விசா ஆபீஸ்காரனும் என்றைக்காவது ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்? அன்றைக்கு மாட்டுவது நான் இல்லை, அவள்.

"மூடு மாப்ளே பாட்டிலை. தாளை எடு. நான் சொல்றத இங்கிலீசுல எழுது."

மகள் வெள்ளிக்கிழமையே கவரை என்னிடம் கொடுத்தாள், பயத்தில் போடாமல் வைத்திருந்தேன், அவளுக்குத் தெரியாது, தப்பு என்னுடையது என்று எழுதச் சொன்னேன்.

"பயத்துலன்னு போடணுமா மாமா? உங்களுக்கு அசிங்கமில்ல?"

"போடு."

தமிழில் கையெழுத்துப் போட்டேன். மெசின் ரெண்டு தாளையும் உள்ளே இழுத்தபோது எனக்கு மூத்திரம் முட்டியது.

சாயங்காலம் எழும்பூர் ஸ்டேசனிலிருந்து கூப்பிட்டாள். சொன்னேன். கவர் அன்றைக்குத்தான் போனதையும், நான் எழுதி அனுப்பியதையும். பின்னால் ரயில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அந்தாளு கண்ணப் பாத்துச் சொன்னேம்ப்பா," என்றாள். வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆரோக்கியம்மாள் என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்காமல் போனாள். எட்டு நாள் தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். குடோனை மலைச்சாமி என்கிற வேலையாள்தான் பார்த்துக்கொண்டான். ஒன்பதாம் நாள் கூரியர்காரன் கவரை நீட்டினான். வாங்க எனக்குக் கை வரவில்லை. ஏஞ்சலின்தான் பிரித்தாள். பாஸ்போர்ட் இருந்தது. உள்ளே புது விசா ஒட்டியிருந்தது.

"குடுத்துட்டாங்க," என்றாள், அம்மாவைப் பார்த்து.

அன்று மத்தியானம் அவள் காலேஜுக்கு ஏதோ ஒரு கடிதம் போட வேண்டியிருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கை நீட்டினேன்.

"வேண்டாம்ப்பா."

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் அவளே நடந்து போனாள்.