பெரிய ஃபைலில் மட்டும் மூன்று சத்தம்

தையற்காரிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால், நூல் சிக்கைப் பிரிப்பதுபோல அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

வானொலிப் பாட்டுத் தேர்வுக்குக் குரலை மட்டும் பதிவுசெய்து, மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். வேறு சத்தம் கேட்டால் தள்ளிவிடுவார்கள். பன்னிரண்டு வருடமாகத் தையல் மெஷினுக்கு மட்டுமே பாடியவள், வாடிக்கையாளர்களின் திரைச்சீலைகளைச் சுவரெங்கும் தொங்கவிட்டுக் காலையில் பாடி முடித்திருந்தாள். வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இல்லை; இருந்த ஒன்றும் காரில்தான். பதிவை அதில் கேட்டுப் பார்க்கக் கணவரோடு கிளம்பினாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரான அவர், போனில் இருந்த சுருக்கின பதிவைப் போட்டார்.

"சுத்தமா இருக்கு. இதையே அனுப்பிடு."

"அவங்க பெரிய ஃபைல்தான் கேட்டிருக்காங்க. பென்டிரைவ்ல இருக்கே, அதைப் போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. காதுக்கு என்ன தெரியப்போகுது?"

நாள் முழுக்க ஒவ்வொருத்தர் மூக்கிலும் கண்ணாடியை மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று குடைகிறவர் பேசுகிற பேச்சா இது? பென்டிரைவை அவளே செருகினாள்.

இரண்டாவது வரி முடிந்த இடைவெளியில் ஏதோ சன்னமாகக் கிணுங்கியது.

"ஓரமா நிறுத்துங்க."

இன்ஜினை அணைக்கச் சொன்னாள். கார்க் கண்ணாடிகளை ஏற்றினாள். சாவிக்கொத்தாக இருக்குமோ என்று அதையும் ஆடாமல் கையில் பிடித்துக்கொண்டாள். மறுபடி போட்டாள். ணிங், ணிங், ணிங். போனில் இருந்ததைப் போட்டாள். ஒன்றும் இல்லை.

"இதுல மட்டும் எங்க போச்சு?"

"சுருக்கும்போது அந்த மாதிரி சன்னமான சத்தமெல்லாம் உதிர்ந்துடும். அதான் நான் முதல்லயே..."

அவர் நிறுத்திக்கொண்டார். அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"அப்ப பெரிய ஃபைலை நீங்க ஏற்கெனவே கேட்டாச்சு."

அவர் ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"காலையில காபியில சர்க்கரை கரைஞ்சுதா?" என்றாள்.

"பாதிதான். நீ பாட்டை நிறுத்தினே. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு கலக்கிட்டேன். திரும்ப ஆரம்பிச்சதும் ஸ்பூனை அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன், கை சுட்டுப்போச்சு."

சிரிப்பு வந்தது. ஆனால் மணி ஐந்தேகால். வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பாடவும் முடியாது; மாடிவீட்டில் வேலை நடக்கிறது, இந்நேரம் சுவரைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள்.

காரைச் சுற்றிப் பார்த்தாள். சற்றுமுன் எவ்வளவு அமைதியாக இருந்தது இது!

"இறங்குங்க."

பின்சீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய திரைச்சீலைக் கட்டு இருந்தது. பக்கத்துக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் அதைக்கொண்டு மூடினாள். பெரிய ஃபைலாகப் பதிவாகும்படி போனை வைத்துவிட்டுப் பாடினாள். இரண்டாவது வரி முடிந்தது. சற்றுமுன் கேட்ட நினைவில், காது அந்த மூன்று சத்தத்துக்காகக் காத்து நின்றது. முன்கண்ணாடிக்கு வெளியே, உதட்டை இறுக்கிக்கொண்டு, அவர் ஒரு விரலால் காற்றில் மூன்று முறை தட்டினார். சரியான நேரத்தில் அடுத்த வரியை எடுத்துவிட்டாள்.

ஸ்பீக்கரில் இரண்டு முறை போட்டுக் கேட்டாள். குரல் மட்டும்தான். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"வாங்க, வீட்டுக்குப் போய் மீதிச் சர்க்கரையைக் கலக்குங்க. எனக்கும் ஒரு கப்."