இடமிருந்து நான்காவது

எங்கள் பல்கலைக்கழக ஆண்கள் கால்பந்து அணியின் நாற்பதாண்டு வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்ததற்கு என் ஆட்டம் காரணமில்லை, என் நோட்டுதான் காரணம். பகல் கல்லூரியில் பி.காம். படித்த மூன்று ஆண்டுகளும் நான் அணியின் பதினாறாவது ஆள். பதினொரு பேர் ஆடுவார்கள், நான்கு பேர் மாற்று ஆட்டக்காரர்கள். பதினாறாவது ஆள் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொள்வான். நான் அதோடு ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் குறித்து வைத்தேன். தேதி, மைதானம், எதிரணி, எந்த நிமிடத்தில் யார் கோல் போட்டார்கள் என்பது வரை.

இப்போது பகலில் நாவலூரில் வேலை. மாலையில் அதே தாம்பரம் வளாகத்தில் எம்.பி.ஏ. வகுப்பு. போன ஜூலையில் உடற்கல்வி இயக்குநர் ஜெயஸ்ரீ மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "உமேஷ், உங்ககிட்ட பழைய ஸ்கோர் எல்லாம் இருக்காமே. நாற்பதாண்டு மலர்ல இருபது பக்கம் ஒதுக்கியிருக்கேன். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, அஞ்சு மணிக்குள்ள கைக்கு வரணும்" என்றார். மேடம் இங்கே வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

முதல் பதினாறு பக்கங்கள் சுலபமாக வந்தன. 1985இல் பதினான்கு பேர், ஒரே ஒரு பந்து. முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு வெற்றிகூட இல்லை. விமானப்படை விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது நடுவரின் விசில் கேட்காமல், ஆஃப்சைடில் போன பந்தைக் கோல் என்று நினைத்து ஐந்து நிமிடம் கொண்டாடிய ஆட்டம் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மைதானம் மூழ்கி, கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நின்றதாகச் சொன்னார்கள். கொக்கை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினேன்.

பதினேழாம் பக்கம் 2018. நாற்பது ஆண்டுகளில் நாங்கள் வென்ற ஒரே மண்டலக் கோப்பை. அதற்கு ஒரு குழுப்படம் உண்டு. படத்தின் அடியில் அச்சிட்ட வரி இப்படித் தொடங்கும்: நிற்பவர்கள், இடமிருந்து. அதில் நான்காவது பெயர் சா. உமேஷ்.

அந்த இடத்தில் நிற்பவன் நான் இல்லை. லோகு.

லோகு கானாத்தூர் குப்பத்துப் பையன். காலையில் அம்மா கங்கம்மாவோடு மீன் கூடைகளைக் கீழ்க்கட்டளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, நான்கு மணிக்கு மைதானத்துக்கு வருவான். ஆறு மணிக்கு மாலை வகுப்பு. அவனைப்போல் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு ஓடியவனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோப்பையின் விதிப்படி பகல் மாணவர்கள்தான் ஆடலாம். மாலை வகுப்பு மாணவர்களுக்கு இடமில்லை.

யோசனை சொன்னவன் கேப்டன் அசார். "மச்சான், நீ எப்படியும் உக்காந்துனு தான இருக்கப் போற. உன் பேராவது ஓடட்டுமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விண்ணப்பத்தில் என் பெயர், லோகுவின் படம். அப்போதைய பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி விவரம் கேட்பார். அதனால் கோயம்புத்தூர் போகும் ரயிலில் லோகுவுக்கு என்னைச் சொல்லிக்கொடுத்தேன்.

"அப்பா பேரு?"

"சாம்பசிவன்."

"என்ன பண்றாரு?"

"ஆபீசுக்குப் போறாரு. டிபன் பாக்ஸ் எத்துக்கினு." அவனுடைய அப்பா அவன் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே இறந்துவிட்டார். "சூப்பர்பா. ரெண்டு நாளிக்கி எனக்கும் ஒரு அப்பா. இன்னா ரைட்டரு, அத்தையும் எய்திக்கினியா?"

நோட்டு வைத்திருந்ததால் நான் அவனுக்கு ரைட்டர்.

இறுதி ஆட்டத்தில் நான் அணியோடு உட்கார முடியாது. உமேஷ் ஏற்கெனவே களத்தில் இருந்தான். பார்வையாளர் படியில் உட்கார்ந்திருந்தேன். எழுபத்து மூன்றாம் நிமிடம், லோகு வலது ஓரத்தில் இரண்டு பேரைத் தாண்டி, கோல் கீப்பர் விழுந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் உருட்டிவிட்டான். அவ்வளவு மெதுவான கோல். ஒலிபெருக்கியில் "நம்பர் ஏழு, உமேஷ்" என்றார்கள். சுற்றிலும் இருந்த முகம் தெரியாத ஆட்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். லோகு படிகளின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் என்னைச் சுட்டிக் காட்டினான்.

நோட்டில் "73 – உமேஷ்" என்று எழுதினேன். அந்த நோட்டில் நான் எழுதிய முதல் பொய் அது.

குழுப்படம் எடுத்தபோது படக்காரருக்குப் பின்னால் பாட்டில் கூடையோடு நின்றேன். ஊர் திரும்பியதும் உமேஷ் பெயரில் ஒரு சான்றிதழும் ஒரு படமும் வந்தன. லோகு பங்கு பிரித்தான். "சர்டிபிகேட்டு நீ வெச்சிக்கோ, பேரு உன்துதான? போட்டோ எனக்கு. மூஞ்சி என்துதான?" அந்தச் சான்றிதழின் பேரில், விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் எனக்கு இந்த எம்.பி.ஏ. இடம் கிடைத்தது.

போன ஆண்டு நவம்பரில் டெங்குக் காய்ச்சலில் நான்கே நாளில் லோகு போய்விட்டான். இருபத்தாறு வயது.

கல்லூரியில் இருந்த குழுப்படம் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பாழாகியிருந்தது. நல்ல பிரதி லோகுவின் வீட்டில் இருக்கும். சாவுக்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன்.

"வா உமேசு. இப்பத்தான் வயி தெரிஞ்சிதா?" என்றாள் கங்கம்மா. அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. தட்டு வைத்துச் சோறு போட்டு, சங்கரா மீன் குழம்பு ஊற்றினாள்.

படம் சுவரில் இருந்தது. கண்ணாடி இல்லை; அட்டையோடு ஆணியில் மாட்டியிருந்தது. என் பெயர் இருந்த இடத்தில், கணுக்காலில் சுற்றுகிற வெள்ளை டேப்பில் ஒரு துண்டு ஒட்டி, நீலப் பேனாவால் "மு. லோகநாதன்" என்று எழுதியிருந்தது.

"அவன்தான் ஒட்னான். அடீல இன்னா பேரு கீதுன்னு எனக்கும் தெரியும். நான் எட்டாங் கிளாஸ் வரிக்கும் படிச்சவ. மீனு சுத்தற பேப்பரக்கூட படிச்சிட்டுத்தான் சுத்துவேன்." அவள் டேப்பைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். "பேனாவுல எய்துனது, அயிஞ்சிக்கினே வருது. நான்தான் அப்பப்ப மேலயே எய்திக்கினு கீறேன்."

மலர் பற்றிச் சொன்னேன்.

"அச்சுல வருமா?"

"வரும்மா."

"உம்பேர எடுக்க வாணாம். பக்கத்துல அவம் பேரும் போடு, போதும். அச்சுல போட்டா அயியாதுல்ல?"

"அழியாது. போடறேம்மா" என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன். படத்தை என் கைப்பேசியில் நான்கு முறை எடுத்துக்கொண்டேன். ஒன்றாவது சரியாக வரும் என்று.

இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் 2018 எப்படி நடந்ததோ அப்படியே இருந்தது. இன்னொன்றில் படத்தின் அடியில் இருந்தது அப்படியே இருந்தது. முதலாவது வெளியே வந்தால் கோப்பையைத் திருப்பித் தரவேண்டும். அணியின் எல்லாச் சான்றிதழ்களும் செல்லாமல் போகும். கெடுவுக்கு முந்தின நாள், வகுப்புக்கு முன், தாம்பரம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் அசாரைச் சந்தித்தேன். அசார் இப்போது ரயில்வேயில் இருக்கிறான். அந்த வேலையும் விளையாட்டு ஒதுக்கீடுதான். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தான்.

"ரெண்டு மாதிரி எழுதி வெச்சிருக்கேன்" என்றேன்.

"நீ எதத்தான் ஒரே மாதிரி எழுதின? எக்ஸாம்லயே ரெண்டு ஆன்சர் எழுதி எது கரெக்டோ எடுத்துக்கோங்கன்னு விட்டவன் தான?"

நான் சிரிக்கவில்லை. "அவன் பேரு வரணும்டா."

"வரணும். நான் வேணான்னா சொன்னேன்? அவனை டீமுக்கு இழுத்துட்டு வந்ததே நான்தான். கடைசியா அவனைத் தூக்கிட்டுப் போறப்ப முன்னாடி தோளு என்னுது." டீயைக் குடிக்காமல் தம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான். "ஆனா மச்சான், அந்த சர்டிபிகேட்டுலதான் இந்தச் சட்டை. புக் வந்தா எவனாவது ஒருத்தன் ஆபீசுக்கு ஒரு லெட்டர் தட்டுவான். பொண்ணு இஃப்ரா பொறந்து இன்னும் மூணு மாசம் முடியல."

"தெரியும்."

"நீ எழுதினாலும் உங்கிட்ட சண்டைக்கு வரமாட்டேன். அது மட்டும் சொல்லிக்கிறேன்."

அவன் சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அசாருக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. மறுநாள் வெள்ளிக்கிழமை. நான்கே முக்கால் மணிக்குக் கணினி அறையில் உட்கார்ந்து முதல் பிரதியைத் திறந்தேன். என் எம்.பி.ஏ. மூன்றாம் பருவத் தேர்வுக்குப் பதினொரு வாரம் இருந்ததை எண்ணினேன். யாரும் கேட்காமலே எண்ணினேன். பிறகு இரண்டாம் பிரதியை எடுத்து, கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில், மைதானக் காவலருக்கும் கேன்டீன்காரருக்கும் நடுவில் ஒரு வரி சேர்த்தேன்: பயிற்சிகளில் உதவியவர் – மு. லோகநாதன், மாலை வகுப்பு. பெயர் அச்சில் வருகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு ஐம்பத்தெட்டுக்கு மேடத்துக்கு அனுப்பினேன்.

"நல்லா பண்ணியிருக்கீங்க உமேஷ். அந்தக் கொக்கு ரொம்ப அழகு" என்று பதில் வந்தது.

மலர் நவம்பரில் வந்தது. லோகுவின் முதல் திதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதியோடு கானாத்தூர் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். தபாலில் அனுப்பலாமா என்றும் யோசித்தேன். அது இன்னும் கேவலம் என்று தோன்றியது.

கங்கம்மா கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பதினேழாம் பக்கத்தை அவளே கண்டுபிடித்தாள். படத்தின் அடியில் விரல் நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் நின்றது. அந்த வரியை முடிவுவரை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"கடைசிப் பக்கத்துல இருக்கும்மா" என்றேன்.

புரட்டினாள். உதடு அசைய மெதுவாகப் படித்தாள்.

"ஒதவியவர்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "இன்னா ஒதவி பண்ணான்?"

அவள் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

"தண்ணி பாட்டலு தூக்கினானா?"

அவளுக்கு அணியில் என் வேலை என்னவென்று தெரியாது. லோகு அதை வீட்டில் சொல்லியிருக்கமாட்டான். என்னைப் பற்றி அப்படிப் பேசுகிறவன் இல்லை. அவள் சும்மா வாயில் வந்ததைக் கேட்டாள்.

"அசாருக்கு வேலை போயிடும்மா. எல்லாருக்கும் போயிடும். அதனாலதான்..."

"அசாரு நல்ல புள்ள. போன மாசங்கூட கொயந்தயத் தூக்கியாந்து காமிச்சிட்டுப் போனான். அவன் வேல போவணும்னு நான் சொல்லுவனா?" குரல் உயரவில்லை. "போட முடியாதுன்னா முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல. சோத்துல கைய வெச்சிக்கினு போடறேம்மான்னு சொன்னியே."

எழுந்து போய்ச் சுவரிலிருந்து படத்தை எடுத்தாள். மீன் செட்டை நறுக்குகிற கத்தரியைக் கொண்டுவந்து, அட்டையின் அடிப்பகுதியை, பெயர் வரிகள் இருந்த பட்டையை மட்டும், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வெட்டினாள். அட்டை தடிமன், நடுவில் இரண்டு இடத்தில் கத்தரி நின்றது. நான் பிடிக்கவா என்று கைநீட்டினேன். தோளால் தடுத்துவிட்டு அவளே முடித்தாள்.

"எனக்கு மூஞ்சி போதும். பேரெல்லாம் நீ எத்துக்கினு போ, ரைட்டரு."

அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பட்டையை வாங்கிக்கொண்டேன். பெயர் இல்லாத படத்தை மறுபடி ஆணியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். பிறகு, "கொயம்பு கீது. துன்னுட்டுப் போ" என்றாள். நான் உட்கார்ந்தேன். அவள் போட்டாள். சாப்பிட்டேன். புத்தகத்தை அவள் திருப்பித் தரவில்லை, டி.வி.க்குப் பக்கத்தில் மூடி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் 2018 நோட்டை எடுத்தேன். பட்டையைக் கோப்பைப் பக்கத்தில் வைத்தேன். டேப் இன்னும் ஒட்டியிருந்தது. கங்கம்மா மேலே மேலே எழுதியதில் "லோ" மட்டும் மற்ற எழுத்துக்களைவிடத் தடித்திருந்தது.

பிறகு, "73 – உமேஷ்" என்ற வரியில் என் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே லோகு என்று எழுதினேன். தேதியும் போட்டேன்.

பேனாவால்தான்.