புதன்கிழமை வந்த தீர்ப்பு

"கேஸ் விஷயத்தையெல்லாம் வீட்டுல யார்கிட்ட சொல்லுவீங்க, மிஸ்?" என்று டெரிக் ஒருமுறை கேட்டார். ரோஸலிண்ட் கேவின் வழக்குகளையும் தேதிகளையும் கவனித்துக்கொள்ளும் குமாஸ்தா அவர். யாரிடமும் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, பூனையிடம் என்றாள் ரோஸலிண்ட். அவள் வீட்டில் பூனை கிடையாது.

இருபத்தேழு வருடமாக அவள் பாரிஸ்டர். அரசாங்கங்களுக்கு எதிராகவும், சில சமயம் அரசாங்கங்களுக்காகவும் வாதாடியவள். எந்த நாட்டின் கடல் எந்தப் பாறையோடு முடிகிறது என்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் ஒன்பது நாள் பேசியிருக்கிறாள். லண்டனில் வக்கீல்களின் டெம்பிள் வளாகத்தில், இரண்டாம் மாடியில் அவள் அறை. மேசையில் ஒருவருக்கு மட்டும் போதுமான தேநீர்க் கெண்டி இருந்தது.

கோர்வல் தீவு வழக்கு ஆறு வருடமாக அவளிடம் இருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் கடற்படைத் தளத்துக்காக ஆட்களை வெளியேற்றிய தீவு. திரும்பிப் போகும் உரிமை கேட்டு வழக்குப் போட்டவள் செலஸ்தீன் மாரோ. அறுபத்தெட்டு வயது, ஆஸ்பத்திரித் துணி துவைத்து ஓய்வு பெற்றவள். நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டரிடம், வழக்கைத் தயாரிக்கும் வக்கீலான சொலிசிட்டர் வழியாகத்தான் பேசவேண்டும் என்ற வழக்கத்தை அவள் கண்டுகொள்ளவில்லை. முதல் விசாரணை அன்றே ரோஸலிண்டின் வெள்ளைச் சுருள் வக்கீல் விக்கைப் பார்த்து, "செத்த ஆட்டுக்குட்டியத் தலையில வச்சுக்கிட்டா எனக்காகப் பேசப்போற?" என்று கேட்டுவிட்டு, போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். ரோஸலிண்டை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

புதன்கிழமை, வக்கீல்கள் பிழை பார்ப்பதற்காக, தீர்ப்பின் வரைவு வந்தது. திங்கட்கிழமை பத்தரைக்கு அறிவிக்கும்வரை ரகசியம். கட்சிக்காரரிடம் ஒரு மணி நேரம் முன்னால்தான் சொல்லலாம். பிழைத்திருத்தங்களையும், வேறு அனுமதி ஏதாவது வேண்டுமென்றால் அதையும், வியாழன் மதியத்துக்குள் நீதிபதிக்கு எழுதவேண்டும் என்றது கூடவே வந்த கடிதம்.

அறுபத்திரண்டு பக்கம். தோற்றுவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ரோஸலிண்ட் பென்சிலோடு உட்கார்ந்தாள். பதினொரு பிழைகள்: இரண்டு தேதி, ஓர் ஒப்பந்தத்தின் வருடம், மற்றவை காற்புள்ளிகள். ஒழுங்காகப் பட்டியல் போட்டு அனுப்பினாள். நீதிபதியின் உதவியாளர் நன்றி சொல்லிப் பதில் போட்டார். முகத்தை யாராவது படித்துவிடுவார்களோ என்று சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகாமல், ஆற்றங்கரை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றாள்.

வெள்ளி காலை செலஸ்தீன் கூப்பிட்டாள். சொலிசிட்டர் போனை எடுப்பதே இல்லையாம். கோர்வலுக்குப் பக்கத்துத் துறைமுகத்துக்கு அடுத்த மாதம் கப்பல் போகிறது. தங்கை ஏற்கெனவே அங்கே காத்திருக்கிறாள். முப்பத்தொரு வருடமாகக் குடியிருக்கும் நகராட்சி வீட்டை விடுவதாக இன்று எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு முடித்துக் கப்பல் ஏறமுடியும். கொடுத்த வீடு திரும்பக் கிடைக்காது.

"கையெழுத்துப் போடவா?"

பொறு என்று சொன்னாலே தீர்ப்பைச் சொன்னதாகிவிடும். ரோஸலிண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத நான் சொல்லக்கூடாது, செலஸ்தீன்."

மறுமுனையில் சிரிப்பு.

"சரி, சரி. தோத்திருந்தா நீ என்னை இப்படி விட்டுருவியா? எனக்குப் புரிஞ்சிடுச்சு. இப்பவே போட்டுடறேன்."

போன் வைக்கப்பட்டது. ரோஸலிண்ட் திரும்பக் கூப்பிடவில்லை. ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரைவோடு வந்த கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் அனுமதி பற்றிய வரி அவள் கண்ணில் நின்றது. செலஸ்தீனிடம் முன்கூட்டிச் சொல்ல விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். இந்த நீதிபதி அனேகமாக விட்டிருப்பார். அவளோ காற்புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். அன்று போன் வரவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு, நீதிமன்ற வராந்தாவில், நீலக் கோட்டு போட்டு வந்திருந்த செலஸ்தீனிடம் சொன்னாள். மேல்முறையீட்டுக்கு வழி இருப்பதையும் சொன்னாள். செலஸ்தீன் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்னைக்குத் தெரியும்?"

"புதன்கிழமை."

"நான் வெள்ளிக்கிழமை கேட்டேன்."

"ஆமா. உங்ககிட்ட சொல்ல அனுமதி கேட்டிருக்கலாம். எனக்குத் தோணவே இல்ல."

செலஸ்தீன் எழுந்தாள். கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டாள். நீதிமன்ற அறைக்குள் போகாமல், ரோஸலிண்டைப் பார்க்காமல், வாசல் படிகளில் இறங்கிப் போனாள்.