ஏ டீம் புருஷன், பி டீம் பெண்டாட்டி

சாம்சனின் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மூன்றாவது வாரம், நாட்டின் எல்லையில் சண்டை மூண்டது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் சாம்சன் நினைத்தான்.

அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கடைசி வரிசையில், ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பி அனுப்பும் கம்பெனியில் ஃபில்லிங் ஆபரேட்டர். சுகிர்தா அங்கேயே டெஸ்பாட்ச். நிரம்பிய சிலிண்டர் எந்த வண்டியில் ஏறி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதை அவள்தான் பார்ப்பாள். அவனுக்குக் காலை ஷிப்ட், அவளுக்கு மதிய ஷிப்ட். ஒருவர் வெளியே வரும்போது மற்றவர் உள்ளே போவார். கல்யாணமாகி இரண்டு வருடமாக இப்படித்தான் குடித்தனம் நடந்தது. அதில் இருவருக்கும் புகார் இருந்ததில்லை.

ஃபில்லிங் வேலையில் ஒரே ஒரு சட்டம். ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள், வந்து அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து "சரி" என்று சொல்லும்வரை ஆபரேட்டர் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஈஸ்டர் முடிந்து வேளாங்கண்ணி போக டிக்கெட் எடுத்திருந்த அன்று ரிலீவரின் பைக் பஞ்சராகிவிட்டது. சாம்சன் நின்றான். பொன்னேரி பிளாட்பாரத்தில் இரண்டு பைகளுடனும், மாதாவுக்கு வாங்கிய ஓர் ஆள் உயர மெழுகுவத்தியுடனும் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். சென்னைப் பக்கம் போகும் வண்டிகளெல்லாம் போய்விட்டன. எதிர்த் திசை வண்டி வந்தபோது அதில் ஏறி, கவரைப்பேட்டையில் அம்மா வீட்டில் இறங்கிவிட்டாள். மெழுகுவத்தி வளைந்துபோயிருந்ததாகப் பிற்பாடு தகவல் வந்தது.

போனில் பேசினால் சண்டை வருகிறது என்பதால் போனில் பேசுவதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்த ஒரு முடிவைத்தான் சண்டை போடாமல் எடுத்தார்கள். ஆகவே சமாதானப் பேச்சு முழுக்கவும் ஷிப்ட் மாறுகிற நேரத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் நடந்தது. அங்கே நாலு பேர் பார்ப்பார்கள், கத்த முடியாது. முதல் வாரம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் வாரம் நாஷ்டா என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். மூன்றாம் வாரம், வீட்டில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா என்று விசாரித்தாள். சாம்சன் கணக்குப்படி இன்னும் ஒரு வாரத்தில் அவள் பொன்னேரிக்குத் திரும்பிவிடுவாள்.

அப்போதுதான் எல்லையில் சண்டை வந்தது. அதே வாரம் திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காய்ச்சலும் வந்தது.

மனிதவள அதிகாரி துளசிராமன் எல்லோரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு இரண்டு உத்தரவுகளை வாசித்தார். முதலாவது, போர்க்காலம் என்பதால் அத்தியாவசியப் பணியாளர் யாருக்கும் விடுப்பு கிடையாது. இரண்டாவது, காய்ச்சல் காலம் என்பதால் உடம்பு சுடுகிற யாரும் ஐந்து நாள் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆக, ஆரோக்கியமானவன் வீட்டுக்குப் போக முடியாது, நோயாளி வேலைக்கு வர முடியாது. இதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மறுநாளே பாதிப் பேர் கேட்டுக்கு வெளியே வெயிலில், தலையை சூரியனுக்குக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தார்கள். அக்னி நட்சத்திரம். நெற்றியில் துப்பாக்கி மாதிரி வைத்துப் பார்க்கிற தெர்மாமீட்டர் எல்லோருக்கும் காய்ச்சல் என்றது. வாட்ச்மேன் கலியன் ஒரு வாளித் தண்ணீரும் ஈரத் துண்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் நெற்றியையும் ஆறவைத்த பிறகு அளந்தார். "குளிப்பாட்டி வுட்டா எவனுக்கும் ஜுரம் இல்ல நைனா" என்று துளசிராமனுக்கு அறிக்கை கொடுத்தார்.

துளசிராமன் அதோடு நிற்கவில்லை. ஆட்களை ஏ டீம், பி டீம் என்று பிரித்தார். ஒரு டீம் காய்ச்சலில் படுத்தால் மற்ற டீம் கம்பெனியை நடத்தும். ஆகவே இரண்டு டீமும் எக்காரணம் கொண்டும் சந்திக்கக் கூடாது. ஏ இரண்டு மணிக்கு வெளியேறி, கேட்டருகே நிற்காமல் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும்; அரைமணி கழித்துத்தான் பி உள்ளே வரலாம். சாம்சன் ஏ, சுகிர்தா பி.

பி டீம் வந்து இறங்குகிற ரயிலில்தான் ஏ டீம் ஏறுகிறது, இரு டீம்காரர்களும் தினமும் ஒரே பெட்டி வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொள்கிறவர்கள் என்பது துளசிராமனுக்குத் தெரியும். ரயில் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. ஆனால் சுகிர்தாவை அவள் அண்ணன் அன்புராஜ் கவரைப்பேட்டையிலிருந்து பைக்கில் கொண்டுவந்து விட்டு, ராத்திரி வந்து கூட்டிப்போனான். அவளுக்கு ரயில் இல்லை. சாம்சனுக்கு சைக்கிள் ஸ்டாண்டும் இல்லாமல் போனது.

சாம்சன் துளசிராமனின் அறைக்குப் போய், தன்னையும் சுகிர்தாவையும் ஒரே டீமில் போடும்படி கேட்டான். துளசிராமன் பொறுமையாக விளக்கினார். புருஷன் பெண்டாட்டி ஒரே வீடு. ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும். ஒரே டீமில் போட்டால் அந்த டீமுக்கு இரண்டு ஆள் நஷ்டம்.

சாம்சன் வெட்கத்தை விட்டு, நாங்கள் இப்போது ஒரே வீட்டில் இல்லை என்றான்.

துளசிராமன் யோசித்தார். அப்படியென்றால் ஆட்சேபணை இல்லை என்றார். ஆனால் புருஷன் மட்டும் சொன்னால் போதாது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் தன்னை யார் கேட்பார்கள்? இருவரும் சேர்ந்து அவர் முன்னால் வந்து, நாங்கள் சேர்ந்து இல்லை என்று சொல்லவேண்டும்.

"சேந்து வர முடியாதே சார். அது பி டீமு, நான் ஏ டீமு."

"அதான் ரூல்ஸ்" என்றார் துளசிராமன்.

சாம்சன் வெளியே வந்து வெகுநேரம் வேப்ப மரத்தடியில் நின்றான். ஒன்றாய் இருக்கவேண்டுமானால் பிரிந்திருப்பதாகச் சொல்லவேண்டும். பிரிந்திருப்பதாகச் சொல்லவேண்டுமானால் ஒன்றாய் வரவேண்டும். எந்த இடத்தில் பிசகு என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது.

இதற்குள் இன்னொரு சிக்கல் முளைத்தது. ரிலீவர் வராமல் ஆபரேட்டர் நகரக் கூடாது. ஆபரேட்டர் போகாமல் ரிலீவர் வரக் கூடாது. இடையில் அந்த அரைமணி ஃபில்லிங் லைனில் யார் நிற்பது? கேட்டை விட்டு நகர முடியாத கலியனைத் தவிர்த்தால், எந்த டீமிலும் இல்லாதவர் துளசிராமன் ஒருவர்தான். வால்வை எப்படி மூடுவது, கேஜ் எங்கே வரும்போது மூடுவது என்று சாம்சனிடம் இரண்டு நாள் கற்றுக்கொண்டு, அவரே நின்றார். ஏ டீமிடம் பொறுப்பு வாங்கி பி டீமிடம் கொடுத்தார். ஷெட்டுக்குள் இரு டீமையும் தினமும் சந்திக்கிற ஒரே ஆளாக அவர் ஆனார். மூன்றாம் நாள் லேசாக இருமினார்.

கலியன் வழியாகச் சொல்லி அனுப்பலாம் என்று சாம்சன் முயன்று பார்த்தான். செடி பூ விட்டிருக்கிறது என்று சொல்லச் சொன்னான். மறுநாள் கலியன், "சொன்னேன் நைனா. சரின்னுச்சு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாளா, முறைத்துக்கொண்டு சொன்னாளா என்று கேட்டதற்கு, "மாஸ்க் போட்டுக்கினு சொல்லிச்சு" என்றார். சாம்சன் ராத்திரி பூராவும் அந்தச் "சரி"யைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அதில் ஒன்றும் அகப்படவில்லை.

இந்த நிலையில் போர்க்கால ஒத்திகை வந்தது. சைரன் ஊதினால் விளக்குகளை அணைத்து, திறந்தவெளியில் யாரும் நிற்காமல் அருகிலுள்ள அறைக்குள் போய்விட வேண்டும். ஒத்திகையை மேற்பார்க்க ஜோதிலட்சுமி என்ற தன்னார்வலர் அம்மா, விசிலும் ஒரு கட்டு சிவப்பு ரிப்பனுமாக வந்திருந்தார். இருட்டடிப்புக்கு அவர்கள் குறித்த நேரம் பிற்பகல் இரண்டேகால். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தை எப்படி அணைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டேகால் என்பது இரண்டு டீமுக்கும் நடுவிலுள்ள அந்த அரைமணிக்குள் வருகிறது என்பதை மட்டும் எவரும் கவனிக்கவில்லை. ஏ டீம் கேட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பி டீம் அன்று முன்னதாகவே வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்தது. சைரன் ஊதியது. இருவருக்குமே அருகிலுள்ள அறை கலியனின் செக்யூரிட்டி ரூம்தான். நாலு பேர் உட்காருகிற அந்த அறைக்குள் முப்பது பேர் புகுந்தார்கள். கலியன் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மின்விசிறியையும் சேர்த்து அணைத்தார்.

சாம்சனின் மூக்குக்குக் கீழே ஒரு தலை இருந்தது. எண்ணெய் வாசனையிலேயே அது யார் தலை என்று தெரிந்துவிட்டது.

"செடி பூத்துச்சுன்னு சொன்னியாமே" என்றாள் சுகிர்தா, திரும்பாமலே.

"ரெண்டு."

"நான் ஒன்னு சொல்லணும் உன்னாண்ட."

சாம்சன் மூச்சை அடக்கினான். ஒன்பது நாளாக இதற்குத்தான் அலைந்தான். அந்த சமயத்தில் ஃபில்லிங் ஷெட்டின் பக்கமிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். அங்கே துளசிராமன் தனியாக நிற்கிறார். ரிலீவர் வரவில்லை. வரப்போவதுமில்லை, இங்கேதான் கலியனின் மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறார். சாம்சன் ஒன்றையும் யோசிக்கவில்லை. அவன் கால்கள்தான் யோசித்தன. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். பின்னால் யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் விசில் சத்தம்.

ஷெட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. துளசிராமன், சாம்சன் சொல்லிக்கொடுத்தபடியே வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய காற்றைத் திறந்துவிட்டிருந்தார். அதன் சத்தம்தான். "இன்னாப்பா, சரியா பண்ணேனா?" என்று கேட்டார். சரியாகவே செய்திருந்தார். சாம்சன் எதற்காக ஓடிவந்தான் என்பது இப்போது அவனுக்கே தெரியவில்லை.

ஜோதிலட்சுமி மூச்சு வாங்க வந்து, திறந்தவெளியில் ஓடியதற்காக சாம்சன் கையில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினார். பின்னால் வந்த சுகிர்தாவுக்கும் ஒன்று. ஒத்திகைக் கணக்கில் இருவரும் செத்துவிட்டார்கள். துளசிராமன், பிணங்கள் வெவ்வேறு டீம் என்றும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றும் ஆட்சேபித்தார். செத்தவங்களுக்கு டீம் ஏது சார் என்று அந்த அம்மா கேட்டார். துளசிராமன் தன் போனில் உத்தரவைத் தேடினார். அதைப்பற்றி அதில் ஒன்றுமில்லை.

வேப்ப மரத்தடியில் இரண்டு ஸ்ட்ரெச்சரில் இருவரையும் படுக்கவைத்து, ஒத்திகை முடியும்வரை அசையக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜோதிலட்சுமி வேறு யாராவது சாகிறார்களா என்று பார்க்கப் போனார்.

மேலே ஒரு காக்கை இவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தது.

"அங்கதான் ஆள் இருந்தாரே" என்றாள் சுகிர்தா. "எதுக்கு ஓடின?"

"தெர்ல."

"நான் பேசிக்கினு இருக்கசொல்லோ ஓடுற."

"தெர்ல சுகி. கால் ஓடிச்சு." பிறகு கேட்டான். "நீ எதுக்கு ஓடி வந்த?"

"திட்டலாம்னுதான் வந்தேன். பாதி தூரத்துல, உள்ள இன்னா ஆச்சோ, நீ வேற முன்னாடி போறியேன்னு பயம் வந்துச்சு. அப்பால எதுக்கு ஓடுறேன்னே தெர்ல."

இது நல்லதா கெட்டதா என்று சாம்சனுக்கு விளங்கவில்லை. தலையைத் திருப்பிப் பார்க்க நினைத்தான். அசையக் கூடாது.

"உன்ன மாத்த முடியாது" என்றாள் அவள், இலைகளைப் பார்த்தபடி. "அந்த லைன வுட்டு நீ வரமாட்ட. அது பரவால்ல, ஆஸ்பத்திரிக்குப் போற காத்து. ஆனா அன்னிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல? சும்மா, வர முடியலன்னு. நான் பைத்தியக்காரி மாரி மெழுகுவத்திய கட்டிப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்யா. போற வர்றவன்லாம் பாத்துக்கினு போறான்."

சாம்சன் யோசித்துப் பார்த்தான். அவள் கேட்பது அவ்வளவுதானா? வேலையை விடு, ஷிப்டை மாற்று, அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேள் என்றெல்லாம் அவன் இத்தனை நாள் தயாரித்துவைத்திருந்த பதில்கள் ஒன்றுக்கும் வேலை இல்லை. ஃபில்லிங் லைனில் போன் எடுத்துப்போகக் கூடாதுதான். ஆனால் கலியனிடம் சொல்லிப் போன் போடச் செய்திருக்கலாம். அது அவனுக்குத் தோன்றவே இல்லை. அதை அப்படியே சொன்னான்.

"தோணாதுதான் உனக்கு" என்றாள் அவள். அப்புறம், "அண்ணன் பத்து மணிக்கு வண்டி எடுத்துக்கினு வரும். வராதன்னு நீயே சொல்லிடு. பொன்னேரிக்கு உங்கூட வரேன்."

சைரன் மறுபடியும் ஊதியது. போர் முடிந்துவிட்டது. ஜோதிலட்சுமி ரிப்பன்களை அவிழ்த்து, அடுத்த கம்பெனிக்கு வேண்டுமென்று வாங்கிக்கொண்டார். துளசிராமன், முப்பது பேரும் ஒரே அறையில் இருந்தபடியால் முப்பது பேரையும் ஐந்து நாள் வீட்டுக்கு அனுப்பவேண்டுமா, போர்க்காலமாதலால் ஒருவரையும் அனுப்பக் கூடாதா என்று கேன்டீன் வாசலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், ஒத்திகையின்போது யாரும் யாரையும் சந்திக்கவில்லை என்று அறிவித்தார். சுகிர்தா பி டீமோடு உள்ளே போனாள்.

சாம்சன் கேட்டுக்கு வெளியே வந்து அன்புராஜுக்குப் போன் போட்டான்.

"இன்னா மாப்ள, அதிசயமா" என்றான் அன்புராஜ்.

"மச்சான், நைட்டு நீ வரவேணாம். சுகி எங்கூட வருது. நான் இங்கியே இருந்து கூட்டிக்கினு போறேன்."

"அவளே சொன்னாளா?"

"அதுவேதான் சொல்லிச்சு."

"எப்ப பாத்த? ரெண்டு டீமும் பாத்துக்கவே கூடாதுன்னு இல்ல சொன்னாங்க?"

சாம்சன் பொய் சொல்லிப் பழகாதவன். "செத்தப்புறம் மச்சான்" என்றான்.

அன்புராஜ் மெதுவான குரலில், வெயிலில் நிற்காமல் எங்காவது நிழலில் உட்காரும்படியும், தான் உடனே கிளம்பி வருவதாகவும் சொன்னான்.