செம்பு தெரியும்வரை

அக்காவின் கம்ப்யூட்டர் சூடாவதற்கு அக்காதான் காரணம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கட்டப்போகிற கட்டடங்களை முன்கூட்டியே படமாக்கிக் காட்டுவது அவள் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. படம் பெரிதானால் மெஷின் இரைந்து இரைந்து, கடைசியில் பொட்டென்று அணைந்துவிடும். உடனே எனக்குப் போன் செய்வாள்.

"ஒரே நேரத்துல பத்து ஃபைல் திறக்கச் சொல்லி யாரு சொன்னா? உன் கைராசி அப்படிக்கா" என்பேன். பாகம் பாகமாக வாங்கி அந்த மெஷினைப் பூட்டிக் கொடுத்தவனே நான்தான். வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஒருமுறை ஒரு ஆஸ்பத்திரியின் படம், நான்கு நாள் வேலை, அப்படியே போனது. ஆபீசில் எல்லோர் முன்னாலும் "என் கவனக்குறைவுதான் சார்" என்று அவளே ஒப்புக்கொண்டாள். அதன்பிறகு பெரிய வேலைகளைத் தானாகவே தட்டிக் கழிக்க ஆரம்பித்தாள். "மிக்ஸியத் தொட்டுடாத, அதுவும் போயிடும்" என்று அவள் கணவர், மாமா, கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் எனக்கு ஒரு பித்துப் பிடித்தது. மெஷினின் மூளையான பிராசஸரின் உலோக மூடி பார்க்கத்தான் சமதளம். நடுவில் துளிப் பள்ளமாக இருக்கும். அதை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினால், மேலே உட்காரும் கூலர் நன்றாகப் படிந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். என்னுடையதைத் தேய்த்ததில் ஆறு டிகிரி குறைந்தது. அந்த ஆறு டிகிரியை வைத்து ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். அக்காவும் மாமாவும் இரண்டு நாள் வெளியூர் போனபோது, சாவியை வாங்கிக்கொண்டு, கண்ணாடிப் பலகையும் உப்புத்தாளுமாக அவள் அறையில் போய் உட்கார்ந்தேன்.

கூலரைக் கழற்றித் திருப்பினேன். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. 'பூட்டும் முன் உரித்துவிடவும்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் நான் உரிக்காமல் பூட்டியது. சூட்டைக் கூலருக்குப் போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது அதுதான்.

காது சுட்டது. ஆளில்லாத வீட்டில் திரும்பி வாசலைப் பார்த்தேன். தாளை உரித்துத் திரும்பப் பூட்டினால் பத்து நிமிட வேலை. ஆனால் மெஷின் திடீரென்று குளிர்ந்தால் எப்படி என்று கேட்பாளே! அதனால் தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தேய்க்கவே தேவையில்லாத பிராசஸரை, வெட்கமில்லாமல், நான்கு மணி நேரம் தேய்த்தேன். மார்க்கரால் கோடு போட்டு, தண்ணீர் விட்டு, இருபது தேய்ப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்றினேன். முதலில் பெயரும் எண்ணும் அழிந்தன. பிறகு வெள்ளிப் பூச்சு போய் ஓரங்களில் செம்பு தெரிந்தது, கடைசியில் நடுவிலும். சமமாகிவிட்டதா என்று அதன்மேல் பிளேடை நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தேன். இடுக்கில் ஒரு கீற்று ஒளிகூட நுழையவில்லை. அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் செய்ததில்லை.

சூடு முப்பது டிகிரி குறைந்தது.

"தேய்ச்சதுக்கா இவ்வளவு?" என்று அக்கா வாயைப் பிளந்தாள்.

"பின்ன?" என்றேன்.

"நான் கெடுத்து வச்சத நீ எவ்வளவு கஷ்டப்பட்டுச் சரி பண்ணியிருக்க! இனிமே பத்திரமா வச்சுக்கறேண்டா."

 

அடுத்த வாரம் அவளே என் வீட்டுக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"எங்க மேனேஜரோடது. புது பிராசஸர். உன்னப் பத்திப் பெருமையாச் சொன்னேன், உடனே கொடுத்தனுப்பிட்டாரு. முப்பது டிகிரி குறையும்னு சொல்லியிருக்கேன். தேய்ச்சுக் கொடுடா."

எழுத்து அழிந்தால் வாரண்டி போச்சு. குறைவதோ ஐந்தோ ஆறோ. மீதி எங்கே என்று மேனேஜர் கேட்கும்போது எதிரில் நிற்கப்போவது அக்கா. மறுபடியும் "என் தப்புதான் சார்" என்பாள்.

சொல்லிவிட்டேன். தாளை உரிக்காததை, பழியை அவள்மேல் போட்டதை, மறைக்கத் தேய்த்ததை. தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ அந்த ஆஸ்பத்திரிப் படம் போனது?"

"என்னாலதான்க்கா."

"நான் பத்து ஃபைல் திறந்ததால இல்லையா?"

"இல்லக்கா. நீ எதுவுமே பண்ணல."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் கோபத்தையே காணோம். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள்போல அவ்வளவு சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா வந்ததும் அவர்கிட்டயும் இதச் சொல்றியா?" என்று, என்னிடம் ஏதோ உதவி கேட்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் சொன்னா சிரிப்பாருடா."