கஞ்சி போட்ட அட்டைகள்

1

இந்தக் கதை, தென்காசியில் ஒரு தறியில் முதல் தடவை விழாமல் போன பூவிலிருந்து வந்தது. வருஷம் அறுபத்தொன்று. பக்கத்துத் தறியில் கூலிக்கு நெய்தவன் நான். காலமெல்லாம் மிதித்த காலோடு எழுதுகிறேன். வாக்கியம் அங்கங்கே நொண்டும்.

முதல் தொடக்கம்: குற்றாலச் சாரல் பட்டு நூலாக இறங்கி…

(வேண்டாம். இந்தக் கதையில் சாரல்தான் எதிரி.)

இரண்டாம் தொடக்கம்: துல்கர்னைன் தன் தறிமேல், துணியில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியை ஏற்றினான். (போதும்.)

2

அந்தப் பெட்டிக்குச் சொந்தப் புத்தி கிடையாது. அட்டையில் துளை இருந்தால் ஊசி நுழையும், அந்த இழை எழும்பும். இல்லாவிட்டால் இழை கிடந்த இடத்தில் கிடக்கும். ஒரு மிதிக்கு ஓர் அட்டை. வரிசையாகக் கோத்தால் பூ. துல்கர்னைன் முதல் பூவாக எடுத்தது ஆகச் சிறியது, நாலிதழ். வெள்ளிக்கிழமைக்குள் அது விழாவிட்டால் பெட்டியைக் கொடுத்த நெசவாளர் சங்கம் அதைக் கழற்றி இலத்தூர்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிடும்.

விழுந்தது பூவல்ல, கிளறிப்போட்ட குப்பை.

"ஏ துல்கரு, பெட்டியில கோழிய அடைலே. முட்டையாவது கிடைக்கும்" என்றான் எதிர்த்தறி பரீது.

(இவனை நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். நிஜத்தில் இவன் வாய் இன்னும் மோசம்.)

3

துல்கர்னைன் துளைகளைத்தான் சந்தேகப்பட்டான். அடைத்தான், மறுபடி அடித்தான். அவன் மனைவி அலிமா ஓர் அட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"துளை சரியாத்தான் இருக்கு. அட்டைதான் ஊறிக் கெடக்கு. என்னத்தப் பூசுனீங்க?"

"கஞ்சிதான். விறைப்பா நிக்கட்டும்னு."

"பாவு நூலுக்குப் போடுத கஞ்சிய அட்டைக்குமா போடுவாக? சாரல்ல ஈரத்தக் குடிச்சு உப்பிட்டு. ஊசி எங்கிட்டு நுழையும்?"

(நெசவுக்காரன் எதைக் கண்டாலும் கஞ்சி போடுவான். கை அப்படி.)

"நாளைக்கு வெள்ளி, ஏட்டி."

"இருக்கட்டுமே. புது அட்டை வெட்டுங்க. அடுப்போரம் காயவச்சு நான் கோக்குதேன்."

4

முடிவு ஒன்று: பூ விழுகிறது, பரீதின் வாய் அடைகிறது.

முடிவு இரண்டு: சங்கத்து ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு…

(கை வரவில்லை.)

நடந்தவரை சொல்கிறேன். வெள்ளிக்கிழமை. சங்கத்து ஆள் வாசலில் குடையை மடக்குகிறார். புது அட்டைகள் ஏறிவிட்டன. துல்கர்னைனின் கால் மிதிமேல் தயங்குகிறது.

"அவரு நின்னா நிக்கட்டும்" என்கிறாள் அலிமா. "பூ வரலேன்னா எங்க தப்புன்னு பாத்து இன்னொண்ணு வெட்டுவோம். நீங்க மிதிங்க."

மிதித்தான். ஒவ்வொன்றாகக் கடைசி அட்டையும் திரும்பிவிட்டது. இந்தத் தறியில் பூவின் முகம் துணியின் அடிப்பக்கம்தான் விழும். யாராவது தறிக்குழிக்குள் குனிந்தால்தான் தெரியும்.

என் இடுப்பு இனிக் குனியாது. நீங்கள் குனியுங்கள்.