பத்து நாள் லீவு

மகள் வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காலையில் தகரப்பெட்டியைத் திறந்து சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். பேத்தி லூசி வந்து, மூட முடியாதபடி பெட்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஏழு வயதுக் கழுதை. "எறங்குடி, ரயிலுக்கு நேரமாவுது" என்றேன். "மாட்டேன். தாத்தாவை இன்னும் ரெண்டு நாள் லீவு கேக்கச் சொல்லுங்க" என்றாள். வெளியே என் புருஷன் செபஸ்தியன் மருமகனோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தோட்டத்துத் துரை தன்னைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்வதில்லை என்று அளந்துகொண்டிருந்தார். லீவாம் லீவு. லீவு கேட்க எங்களுக்குத் துரையும் இல்லை, தோட்டமும் இல்லை.

கூலாய்க்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் கித்தா மரத்தில் பால் வெட்டினோம். கித்தா விலை விழுந்ததும் பாதி மரத்தில் வெட்டை நிறுத்தினார்கள். நவம்பர் மாதம் வயசானவர்கள் பெயரையெல்லாம் கூலிப்பேர் எழுதும் செக்ரோலில் இருந்து அடித்துவிட்டு, இனாமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். இங்கேயே சோறு போட ஆள் இருக்கிறவர்கள் மட்டும் போக வேண்டியதில்லை, அந்த ஆளின் பெயரைச் சொன்னால் போதும். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி காளியப்பன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "ஒங்களுக்கு இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். நல்ல மனுஷன், பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்தார். "ஜொகூர் பாருல மக இருக்குல்ல?" என் புருஷன் நிமிர்ந்து நின்று, "யாரும் இல்லீங்க" என்றார். பக்கத்தில் நான் நிற்கிறேன். நான் பெற்ற ஒரே பெண்ணை ஒரு வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டு, கைகூப்பிக் கும்பிடு வேறு போட்டார்.

லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் பிடித்துக்கொண்டேன். "மகனா இருந்தா போயி உக்காரலாம். பொண்ணு குடுத்த வீட்ல போயி, மாப்பிள்ளை சம்பாத்தியத்துல திங்கிறதா? பேரைக் குடுத்தா, நெசமான்னு கேட்டு அவர் ஆபீசுக்குக் கடுதாசி போவும். ரயில் டேசன் முழுக்கப் படிப்பானுங்க, வாலண்டைன் மாமனாருக்குக் கஞ்சிக்கு வழியில்லன்னு" என்றார். கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்க, மகள் வீட்டில் மூன்று நாளைக்கு மேல் கை நனைக்க மாட்டேன் என்று சொன்ன ஆள் இது. அன்றைக்கு எனக்குக்கூடப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பெருமையை வைத்து என்ன செய்ய? நான் அழுத அழுகையில் கொஞ்சம் இறங்கி வந்தார். "கிறிஸ்மஸ் லீவுன்னு சொல்லி பத்து நாள் இருந்துட்டு வருவோம். கடைசியா ஒருவாட்டி பாத்துக்க. விசயத்தை மட்டும் வாயைத் தொறந்து சொன்னே, நான் கப்பலுக்கு வர மாட்டேன். கடலுக்குத்தான் போவேன்." விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். அதுதான் என் கழுத்தைப் பிடித்தது.

மகள் இன்பராணிக்கு ஸ்டேஷனுக்குப் பின்னால் ரெண்டு அறை குவார்ட்டர்ஸ். மருமகன் வாலண்டைன் அங்கே டிக்கெட் கிளார்க். பத்து நாளும் மகள் என்னை அடுப்பங்கரைப் பக்கம் விடவில்லை. "லீவுக்கு வந்துட்டு வேலை செய்யிறீங்களா? போயி உக்காருங்கம்மா" என்று பெஞ்சியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். எதிரே சுவர், சுவரில் மாதா படம், ஒவ்வொரு ரயில் போகும்போதும் படம் ஆடும். பாவி மகள் ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டாள், இடியாப்பம் பிழிந்து போட்டாள். அவள் அன்பாக ஒன்று பேசினால் எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. எங்கே ஓட? இந்தியாவில் எனக்கு யாரைத் தெரியும்? என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கல்லறையில் இருக்கிறார்கள். என் சனமெல்லாம் இந்த ரெண்டு அறைக்குள் இருந்தது. அதில் நான் விருந்தாளியாகக் கால் மடக்கி உட்கார்ந்திருந்தேன்.

"மே மாசம் லூசிக்குப் புதுநன்மை, மொத நற்கருணை வாங்கறா. வெள்ளைக் கவுன் நீங்கதாம்மா தைக்கணும். இப்பவே லீவு சொல்லி வச்சிருங்க" என்றாள் ஒருநாள். வெளியிலிருந்து இவர் குரல் கொடுத்தார். "வராம இருப்போமா?" கூசாமல் சொன்னார். மருமகன் தங்கமான பையன், அதுவும் என் கஷ்டம்தான். "மாமா, நான் வேணும்னா ஒங்க துரைக்கு ஒரு லெட்டர் எழுதறேன். புது வருசப் பூசை பாத்துட்டே போலாம்லா" என்றான். "நான் இல்லன்னா அந்த டிவிசன் ஒரு நாள் நடக்காது மாப்பிள்ளை" என்றார் இவர். இன்பராணி சிரித்தாள். அப்பாவை நினைத்துப் பூரித்துப்போய்ச் சிரித்தாள். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, அதே நேரத்தில் அவர் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு இருப்பதைப் பார்த்து அழுகையும் வந்தது.

ஒரே ஒருமுறை தப்பிக்க வழி கிடைத்தது. கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள், என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "ஏம்மா, வந்ததுலேர்ந்து மொகமே சரியில்ல. என்னா நடந்துச்சு, சொல்லுங்க" என்றாள் மகள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கதவுப் பக்கம் இவர் இருமினார். "தோட்டத்து ஞாபகம்டி. கோழி என்னா ஆச்சோ" என்றேன். கோழியை விற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. நானும் பொய்காரி ஆனேன்.

பத்தாம் நாள் எங்களைக் கூலாய் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். மருமகனே பெட்டியைத் தூக்கி வந்து, ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தான். வண்டி நகர்ந்ததும் இவர் மூச்சை விட்டார். "முடிஞ்சிது" என்றார். அவருக்கு முடிந்தது.

திரும்பி வந்த மூன்றாம் நாள், முப்பத்தோராம் வருஷம் பிறந்த மறுநாள், எங்களைக் கிளப்பினார்கள். நாற்பத்திரண்டு பேர். சிங்கப்பூர்க் கப்பலடிக்கு லாரியில் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்த காளியப்பன், லாரி கிடைக்கவில்லை, ரயில்தான் என்றார். இவர் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். சிங்கப்பூர் போகிற ரயில் ஜொகூர் பாருவில் நின்றுதான் போகும். அந்த நேரத்தில் வாலண்டைனுக்கு டூட்டி.

ரயில் பெட்டிக்குள் ஏறினதும் ஜன்னல் பலகையை இழுத்துவிட்டு, மூலையில் ஒடுங்கி, துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டார். அந்தப் புழுக்கத்தில் யாரோ கேட்டதற்குக் குளிர் என்றார். ஜொகூர் பாருவில் வண்டி நின்றது. கும்பலுக்கு ஒரே டிக்கெட், அதனால் பாலத்தில் கடலைத் தாண்டும் முன்னால் டிக்கெட் கிளார்க் ஏறி வந்து தலை எண்ணுவார் என்று காளியப்பன் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த பெட்டியில் எண்ணுகிற சத்தம் கேட்டது. அந்தக் குரலில்தான் பத்து நாள் 'அத்தை, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்குங்க' என்று கேட்டிருந்தேன்.

துண்டுக்குள்ளிருந்து இவர் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. "தலையைக் குனிஞ்சுக்கடி" என்றார். முப்பது வருஷம் இவர் குனியச் சொன்ன இடத்தில் எல்லாம் குனிந்திருக்கிறேன். சண்டை போட்டிருக்கிறேன், ஆனாலும் குனிந்திருக்கிறேன். வாலண்டைன் கையில் தாளும் காதில் பென்சிலுமாக எங்கள் பெட்டிக்குள் வந்தான். ஆள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலை நீட்டி நீட்டித் தலையை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தான். இப்படியே விட்டால் எங்களையும் எண்ணிவிட்டுப் போய்விடுவான். முப்பத்தாறு. முப்பத்தேழு. எனக்கு இவர் சொன்ன கடலும் ஞாபகம் வந்தது, மகளும் ஞாபகம் வந்தாள். நான் என் கையை உதறி விடுவித்துக்கொண்டு, இவர் தலையிலிருந்து துண்டை உருவினேன்.

"முப்பத்தெட்டு" என்று வாய் சொன்ன பிறகுதான் கண் பார்த்தது. வாலண்டைன் என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், காலடியில் இருந்த தகரப்பெட்டியைப் பார்த்தான். வெளியே கார்டு விசில் கொடுத்தார்.

என் புருஷன் சட்டையை இழுத்துவிட்டு, முதுகை நேராக்கி உட்கார்ந்தார். "எண்ணுங்க மாப்பிள்ளை" என்றார். "வண்டிக்கு நேரமாவுது."

நீட்டின விரல் நீட்டினபடியே அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. கீழேயும் இறங்கவில்லை, அடுத்த தலைக்கும் போகவில்லை.